சட்டம் படிக்க நினைக்கும் டெல்டா பிள்ளைகளுக்குத் தேதியை யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளிலிருந்து பொறியியல் கலந்தாய்வு, மருத்துவம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் என்று உங்கள் நாளிதழில் பக்கம் பக்கமாக வழிகாட்டிச் செய்திகள் வருகின்றன. நல்ல காரியம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சட்டப் படிப்புக்கு மட்டும் 'விண்ணப்பம் தொடங்கியது', 'கடைசி நாள் நெருங்குகிறது' என்று இரண்டு துண்டுச் செய்தி, அதோடு சரி. மன்னார்குடியில் வக்கீல் தொழில் பார்க்கிறவன் நான். மே, ஜூன் வந்துவிட்டால் கட்சிக்காரர்களோடு சேர்த்துப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற பெற்றோரும் என் அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். 'சார், இவளை வக்கீலுக்குப் படிக்க வைக்கணும், எங்கே எழுதிப் போடணும்' என்பார்கள். மதிப்பெண்ணும் நன்றாக இருக்கும், பெண்ணும் கெட்டிக்காரியாக இருப்பாள். நானோ, 'அம்மா, திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கான தேர்வு போன டிசம்பரிலேயே முடிந்துவிட்டதே' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. வருஷா வருஷம் இதையே சொல்லி அலுத்துப்போய்த்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் எங்கோ டெல்லியில் இல்லை, திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் இருக்கிறது. 2012இல் சட்டமன்றத்தில் சட்டம் போட்டுத் தொடங்கியது. காலையில் மன்னார்குடியில் பஸ் ஏறினால் தஞ்சாவூர் வழியாக மதியத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அங்கே ஐந்தாண்டுப் படிப்பில் சேர கிளாட் என்கிற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். முன்பெல்லாம் அது மே மாதத்தில் நடந்தது. எங்கள் தொழிலில் இருக்கும் பெரியவர்கள் பலர் இன்னமும் அந்த நினைப்பிலேயே 'பரீட்சை முடிந்து வா பார்க்கலாம்' என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புகிறார்கள். இப்போது சில ஆண்டுகளாக டிசம்பரில் நடத்துகிறார்கள். ஜூலை, ஆகஸ்டு வாக்கில் விண்ணப்பம் திறக்கும், அக்டோபர், நவம்பரில் மூடிவிடும். அதாவது பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கும்போதே, அரையாண்டுத் தேர்வுக்கு முன்னாலேயே, எல்லாம் முடிந்து போகிறது. பிளஸ் டூ முடித்த பிறகு யோசிக்கலாம் என்றிருக்கும் பிள்ளைக்கு அந்த வருஷம் போயே போயிற்று.

இந்த மாதங்கள் நம் ஊரில் எப்படிப்பட்ட மாதங்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆவணி, புரட்டாசியில் சம்பா நாற்று, நடவு, உரம். கையில் இருப்பதெல்லாம் வயலுக்குள் போயிருக்கும். அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் பார்க்கத் தை, மாசி ஆகிவிடும். கிளாட் விண்ணப்பத்துக்கு 4,000 ரூபாய், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 3,500 ரூபாய். நடவு ஆள்கூலிக்கே நகையை அடகு வைக்கிற வீட்டில், கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத ஒரு தேர்வுக்கு அந்த நேரத்தில் நாலாயிரத்தை எடுத்து வைப்பது லேசுப்பட்ட காரியமா? அரசுப் பள்ளி மாணவர்களுக்காவது இந்தக் கட்டணத்தை மாவட்ட நிர்வாகமோ பள்ளிக் கல்வித் துறையோ ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று உங்கள் நாளிதழ் மூலமாகக் கேட்கிறேன்.

தேர்வு முழுக்க ஆங்கிலத்தில். 120 வினா, இரண்டு மணி நேரம், தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். சட்டத்தை மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டியதில்லை. ஒரு பத்தியைக் கொடுத்து, அதைப் படித்துப் புரிந்துகொண்டு விடை சொல்கிறாயா என்று பார்க்கிறார்கள். ஆங்கிலப் பத்திரிகையை ஒரு வருஷம் தினமும் ஒரு மணி நேரம் கவனமாகப் படித்த பிள்ளை பாதிக் கிணற்றைத் தாண்டிவிடும், ஆகவே பதினோராம் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அரசு மாதிரிப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் சிலர் இந்தத் தேர்வை எழுதித் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்குப் போயிருக்கிறார்கள். அப்படியானால் கோட்டூரிலும் முத்துப்பேட்டையிலும் வலங்கைமானிலும் படிக்கிற பிள்ளையால் முடியாது என்று ஏன் நாமே முடிவு கட்ட வேண்டும்? இன்னொன்று, தேர்வு மையமாகத் திருச்சியை எடுத்தவர்கள் முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. டிசம்பர் முதல் இரண்டு வாரம் நமக்கு அடைமழைக் காலம், எந்தச் சாலையில் எப்போது தண்ணீர் ஓடும் என்று சொல்ல முடியாது.

சரி, கிளாட் எழுதவில்லை, அல்லது எழுதிக் கிடைக்கவில்லை, அதனால் சட்டப் படிப்பே இல்லையா என்றால் அதுவும் கிடையாது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள அரசு சட்டக்கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான் தரவரிசை. ஐந்தாண்டு பி.ஏ. எல்.எல்.பி. விண்ணப்பம் பிளஸ் டூ முடிவையொட்டி மே மாதத்தில் வரும். பட்டம் முடித்தவர்களுக்கான மூன்றாண்டு எல்.எல்.பி. விண்ணப்பம் அதற்கு அப்புறம் தனியாக வரும். சென்னையில் பல்கலைக்கழகமே நடத்தும் சீர்மிகு சட்டப்பள்ளிக்கு வேறு விண்ணப்பம், மேலே சொன்ன அரசு சட்டக்கல்லூரிகள் அடங்கிய இணைவுக் கல்லூரிகளுக்கு வேறு விண்ணப்பம். ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டுக்கும் போட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்தவர்களை எனக்குத் தெரியும். கட்டணமோ தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு லட்சத்தைத் தாண்டும், அரசு சட்டக்கல்லூரியில் ஏழை வீடும் சமாளிக்கக்கூடிய அளவுதான். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது நம் பிள்ளைகள் திருச்சி ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காரைக்குடி அரசு சட்டக்கல்லூரி இருக்கிறது, ரயிலும் ஓடுகிறது. மயிலாடுதுறைக்காரர்களுக்கு விழுப்புரம் இருக்கிறது. தரவரிசையில் கொஞ்சம் பின்னால் இருந்தால் இதெல்லாம் பட்டியலில் இருக்க வேண்டும்.

விண்ணப்பம் போடுகிற இடத்தில் நடக்கிற ஒரு கோளாறை இங்கே சொல்லியே ஆக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில்தான் விண்ணப்பிக்கிறார்கள். அவசரத்தில் சென்டர்காரரின் மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார்கள், ஓ.டி.பி. உடனே வரும், வேலை முடியும். பத்து நாள் கழித்துத் தரவரிசை, கலந்தாய்வு அழைப்பு எல்லாம் அந்த எண்ணுக்குப் போகும். அந்த மனிதர் அன்றைக்கு மட்டும் எத்தனையோ பேருக்குப் போட்டிருப்பார், யாருடைய செய்தி எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? போன ஜூனில் ஒரு பையன் மஞ்சள் பையில் சாதிச் சான்று, டி.சி., மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறை போட்டு அவ்வளவு ஒழுங்காக அடுக்கிக் கொண்டுவந்தான். அவன் கலந்தாய்வு நாள் முந்தின வாரமே முடிந்திருந்தது. சான்றிதழில் ஒரு குறையும் இல்லை, அழைப்பு மட்டும் அவனுக்கு வந்து சேரவில்லை. தயவுசெய்து வீட்டில் எப்போதும் இருக்கிற ஒருவரின் எண்ணையே கொடுங்கள். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் பெற்றோர் குழம்புவது இரண்டு இடத்தில். ஒன்று, 7.5 சதவீத இட ஒதுக்கீடு. 2021இல் வந்த சட்டப்படி, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குச் சட்டப் படிப்பிலும் இந்த ஒதுக்கீடு உண்டு, படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும்தான் இது என்று நினைத்துக்கொண்டு சட்டத்துக்கு யாரும் கேட்பதே இல்லை. ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி இதில் வராது. நம் பக்கத்தில் பேர் பெற்ற பழைய பள்ளிகள் பல உதவி பெறும் பள்ளிகள்தான், சம்பளம் அரசு தருவதால் அதுவும் அரசுப் பள்ளி என்று பெற்றோர் நம்புகிறார்கள். தலைமையாசிரியரிடம் ஆறு முதல் பன்னிரண்டு வரைக்குமான படிப்புச் சான்று வாங்கும்போதே இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது, முதல் பட்டதாரி சான்று. அது வீட்டில் ஒருவருக்குத்தான். அக்கா ஏற்கெனவே நர்சிங்குக்கோ இன்ஜினியரிங்குக்கோ அதை வாங்கிப் பயன்படுத்தியிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. இ-சேவையில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேலே போய் வரக் கொஞ்ச நாள் பிடிக்கும், குறுவைக் காலத்தில் அவர்களும் கணக்கெடுப்பு, அடங்கல் என்று வயலில் இருப்பார்கள். ஆகவே சான்றுகளைச் சித்திரையிலேயே எழுதிப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

இனி, எனக்கு மிகவும் ஆற்றாமையாக இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். 'இப்போதைக்கு எங்காவது சேர்ந்துவிடு, அடுத்த வருஷம் திருச்சிக்கு மாற்றிக்கொள்ளலாம்' என்று சொல்லி ஆள் பிடிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். நீடாமங்கலத்துக்கு அருகிலிருந்து ஒரு விவசாயி, இப்படி ஒரு தரகர் பேச்சை நம்பித் தன் மகளை வெளிமாநிலத்தில் ஒரு தனியார் சட்டக்கல்லூரியில் சேர்த்தார். நன்கொடை, விடுதி, போக்குவரத்து என்று நிலத்தின் மேல் கடன் வாங்கித்தான் கட்டினார். வருஷம் முடிந்ததும் மாற்றல் கேட்டு அலைந்தார்கள். பல்கலைக்கழகமும் வேறு, பாடத்திட்டமும் வேறு, காலியிடமும் இல்லை. திரும்பி வந்துவிடலாம் என்றால் அசல் சான்றிதழைக் கல்லூரி தரவில்லை, மீதி நான்கு வருஷப் பணத்தையும் கட்டு என்றார்கள். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்திருப்பதை எடுத்துக்காட்டி நான் ஒரு நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் அவை வந்தன. அந்தப் பெண் இப்போது மறுபடியும் முதலாம் ஆண்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

மாற்றல் என்பது உரிமை கிடையாது என்பதை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் அரசு சட்டக்கல்லூரிகளுக்குள்ளேயே மாற வேண்டும் என்றாலும் போகிற இடத்தில் காலியிடம் இருக்க வேண்டும், இரண்டு கல்லூரியும் ஆட்சேபனை இல்லை என்று தர வேண்டும், மேலே சட்டக் கல்வி இயக்ககம் ஒப்புக்கொள்ள வேண்டும். பெற்றோர் உடல்நிலை, குடும்பச் சூழ்நிலை என்று உண்மையான காரணத்தோடு கேட்கிறவர்கள் கேட்கட்டும். அதையே திட்டமாக வைத்துக்கொண்டு முதல் வருஷத்தில் சேரக் கூடாது என்றுதான் சொல்கிறேன். அப்புறம், பி.ஏ. முடித்துவிட்டேன், ஐந்தாண்டுப் படிப்பில் நேராக மூன்றாம் ஆண்டில் சேரலாமா என்று கேட்கிறார்கள். முடியாது. வக்கீல் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்துகிற இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள், 13ஆம் விதி, இடையில் நுழைவதையும் இடையில் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறுவதையும் தடுக்கிறது. பட்டம் இருந்தால் மூன்றாண்டுப் படிப்பின் முதல் ஆண்டு, அவ்வளவுதான் வழி. இன்ஜினியரிங் பிடிக்காமல் முதல் வருஷத்திலேயே வெளியே வருகிறவன் ஐந்தாண்டுப் படிப்பில் புதிதாகச் சேரலாம். மூன்றாம் வருஷம் வரை வந்துவிட்டவன் பல்லைக் கடித்துக்கொண்டு அதை முடித்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு வருவதே மேல் என்பது என் அபிப்பிராயம். கணக்குப் போட்டால் வருஷத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, கையில் இரண்டு பட்டம் இருக்கும்.

இதைவிட மோசமான இன்னொரு வியாபாரமும் நடக்கிறது. 'வகுப்புக்கே போக வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் போய் வந்தால் போதும், வக்கீல் பட்டம் கையில்' என்று பக்கத்து மாநிலக் கல்லூரிகளின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். அதே 2008 விதிகளில் 70 சதவீத வருகைப் பதிவு கட்டாயம் என்று இருக்கிறது. வகுப்பு முகத்தையே பார்க்காமல் வாங்குகிற பட்டம், வக்கீலாகப் பதிவு செய்யும்போது கேள்வி கேட்டால் நிற்காது, நின்றாலும் அப்படிப் படித்தவரிடம் போகிற கட்சிக்காரரின் நிலத்துக்கு யார் பொறுப்பு? அதேபோல் பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கியவர்கள் சட்டப் படிப்புக்குத் தகுதி பெற மாட்டார்கள். பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை இருக்க வேண்டும். அந்த வரிசை சரியாக இருந்து அஞ்சல் வழியில் பட்டம் முடித்திருந்தால் தடையில்லை. வயதாகிவிட்டதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வயது, மூன்றாண்டுப் படிப்புக்கு 30 வயது என்று பார் கவுன்சில் வைத்த வரம்பை உச்ச நீதிமன்றம் 2017இல் நிறுத்தி வைத்துவிட்டது. குறைந்தபட்ச மதிப்பெண்ணாகப் பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதமும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 40 சதவீதமும் பார் கவுன்சில் விதியில் இருக்கிறது, மற்றதை அந்தந்த ஆண்டு விளக்கக் கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படித்து முடித்தாலும் வக்கீலாகப் பதிவு செய்யவே பெருந்தொகை ஆகுமாமே என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவுக் கட்டணம் 750 ரூபாய், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் வாங்கக் கூடாது.

ஆசிரியர் அவர்களே, மற்ற ஊர்களுக்கும் சட்டப் படிப்பு வேண்டும்தான். ஆனால் டெல்டாவில் சட்டம் சோற்றோடு சம்பந்தப்பட்டது. 1952ஆம் ஆண்டு தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1955ஆம் ஆண்டு குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1971ஆம் ஆண்டு குடியிருப்புச் சட்டம் எல்லாம் நம் வயல்வரப்பில் நின்று போராடியவர்களோடு சேர்ந்து வந்தவை. 1983இல் காவிரிக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது ஒரு விவசாயிகள் சங்கம், அதன் பொதுச் செயலாளர் எங்கள் ஊர்க்காரரான மன்னார்குடி ரங்கநாதன். அந்த வழக்கில் 1990 மே மாதம் வந்த உத்தரவின்பேரில்தான் நடுவர் மன்றமே அமைந்தது, 2007இல் இறுதித் தீர்ப்பும் 2018இல் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதற்குப் பின்னால் வந்தவை. இன்றைக்கும் கோயில் நிலக் குத்தகை, பயிர்க் காப்பீடு, பட்டா மாற்றம் என்று நம் ஜனங்கள் வருவாய் நீதிமன்றத்துக்கும் சிவில் நீதிமன்றத்துக்கும் நடையாய் நடக்கிறார்கள். அடங்கலையும் சிட்டாவையும் புத்தகத்தில் மட்டும் பார்த்த வக்கீலுக்கும், அப்பாவோடு கிராம நிர்வாக அலுவலர் வீட்டு வாசலில் அதற்காகக் காத்து நின்ற பிள்ளை வக்கீலாகி வருவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. குறுக்கு விசாரணையில் அது தெரியும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஆகஸ்டு முதல் வாரத்தில் டெல்டா பதிப்பில் கிளாட் பற்றி அரைப் பக்கம், பிளஸ் டூ முடிவு வரும்போது அரசு சட்டக்கல்லூரி விண்ணப்பம் பற்றி அரைப் பக்கம், பட்டத் தேர்வு முடிகிற சமயத்தில் மூன்றாண்டுப் படிப்பு பற்றி ஒரு கால் பக்கம். விளம்பரம் கொடுக்கிற கல்லூரிகளின் பேட்டியாக இல்லாமல், தேதி, சான்று, கட்டணம், எங்கே ஏமாறக் கூடாது என்கிற விவரமாக அது இருக்க வேண்டும். பள்ளிகளில் நடக்கிற 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சியில் சட்டப் படிப்பைப் பற்றிப் பேசப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளையும் உட்கார வைக்கச் சொல்லி முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும் கோரிக்கை வைக்கிறேன். பேச ஆள் வேண்டும் என்றால் தாலுகாவுக்குத் தாலுகா வழக்கறிஞர் சங்கம் இருக்கிறது, கேட்டால் யாரும் மறுக்கப் போவதில்லை. எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் சனிக்கிழமை நான் வருகிறேன், பஸ் கட்டணம்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.